சனிக்கிழமை வாங்காத சைக்கிள்

காந்தத்தைச் சைக்கிளின் மேல் கம்பியில் வைத்தேன். ஒட்டவில்லை. வழுக்கிக்கொண்டு என் கைக்கே திரும்பி வந்தது.

கீழ்க் கம்பியில் வைத்தேன். ஒட்டவில்லை. முன் சக்கரத்தைக் கவ்விப் பிடித்திருக்கும் இரண்டு கால்களிலும் வைத்தேன். இல்லை. கடாக் கொம்பு மாதிரி கீழே வளைந்திருந்த ஹேண்டில் பாரில், சுற்றியிருந்த கறுப்புப் பட்டைக்கு மேலேயே வைத்து அழுத்திப் பார்த்தேன். அங்கேயும் இல்லை.

"முருகா" என்றேன். சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூரில் பெண்பிள்ளைகள் தங்கிப் படிக்கிற விடுதியின் வாசல் அது. நல்ல சித்திரை வெயில். வேப்பமரத்து நிழலில் அந்த நீல நிறச் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு, அதன் சொந்தக்காரி வினோதினி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். படிப்பை முடித்துவிட்டு ஊருக்குக் கிளம்புகிற பெண். குனிந்து குனிந்து எழுகிற என்னைப் பார்த்துச் சிரிப்பதா வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"அக்கா, இன்னும் எதுலயாவது வச்சுப் பார்க்கணுமா?"

"ஆச்சு கண்ணு. இதோ ஒண்ணே ஒண்ணு."

கடைசியாகச் செயின் பக்கம் கொண்டுபோனேன். நான் வைக்கவே இல்லை. காந்தம் என் விரலை விட்டுத் தானே தாவிப் போய் 'டக்'கென்று ஒட்டிக்கொண்டது.

அன்றைக்குச் சனிக்கிழமை.

இரும்பும் நானும்

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை நாங்கள் இரும்பு வாங்க மாட்டோம். ஊசியாக இருந்தாலும் சரி, பீரோவாக இருந்தாலும் சரி. சனி பகவானுக்கு எள் எண்ணெய் விளக்குப் போடுகிற கிழமையில் அவருக்கு உரிய பொருளைக் காசு கொடுத்து வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்பார்கள்.

ஏன் என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. எட்டாவதோடு நின்றவள் நான். சாமி விஷயத்தில் கேள்வி கேட்டுப் பழக்கமில்லை. கோயிலுக்குள் போகும்போது செருப்பைக் கழற்றி வைக்கிறோமே, அதைப் போலத்தான் இதுவும் எனக்கு.

ஆனால் நெய்கிறவர்கள் வீட்டில் இதில் ஒரு சிக்கல் உண்டு. தறியிலிருந்து அறுத்த புடவையை முதலாளியிடம் கொண்டுபோய்க் கொடுத்துக் கூலி வாங்குவது பெரும்பாலும் சனிக்கிழமையில்தான். கையில் காசு வருகிற நாளில் இரும்பு வாங்கக் கூடாது. மறுநாள் விடிவதற்குள் அந்தக் காசுக்கு வேறு வேலை வந்துவிடும். எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு மிக்ஸி தள்ளிப் போனதும் பீரோ தள்ளிப் போனதும் இப்படித்தான்.

"அலுமினியம்னு சொல்றியே, அப்புறம் இன்னா? இரும்பு இல்லேன்னா சனிக்கிழமையாவது, வெள்ளிக்கிழமையாவது" என்று சொல்லி, பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய அந்தக் காந்தத்தை என் கையில் கொடுத்து அனுப்பியதே எங்கள் வீட்டுக்காரர்தான். அவரும் செயினை மறந்துவிட்டார். நானும் மறந்துவிட்டேன்.

தூக்கிப் பாருங்க

இந்த ஆசை எனக்கு எப்படி வந்தது என்று சொன்னால்தான் அந்தச் செயினைப் பார்த்து நான் ஏன் அப்படி உடைந்துபோனேன் என்பது புரியும்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் மெட்ராஸிலிருந்து ஒரு கூட்டம் சைக்கிளிலேயே காஞ்சிபுரம் வரும். தலைக்கவசம், உடம்போடு ஒட்டின சட்டை, குதிரை நடக்கிற மாதிரி 'டக் டக்' என்று சத்தம் போடுகிற செருப்பு. வந்து இட்லி சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போய்விடுவார்கள். சின்ன வயசுப் பையன்கள் பொழுது போகாமல் செய்கிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒரு நாள் காமாட்சியம்மன் கோயிலிலிருந்து குங்குமத்தோடு வெளியே வருகிறேன். அந்தக் கூட்டத்தில் ஒரு அம்மா தலைக்கவசத்தைக் கழற்றினார்கள். என் வயசுக்கு மேலேயே இருக்கும். நரைத்த முடி வியர்வையில் நெற்றியோடு ஒட்டியிருந்தது.

"அஞ்சு நிமிஷம் இதைப் பிடிச்சிக்கிறீங்களா? அம்மனைப் பார்த்துட்டு வந்துடறேன்" என்றார்கள்.

பிடித்துக்கொண்டேன். சும்மா நகர்த்தி வைக்கலாம் என்று ஒரு கையால் தூக்கினேன். வண்டி என் இடுப்புக்கு வந்துவிட்டது. தண்ணீர்க் குடம் இதைவிடக் கனம். நான் கூடை வைத்த லேடீஸ் சைக்கிளில் இத்தனை வருஷம் நூலும் ஜரிகையும் ஏற்றிக்கொண்டு போனவள். சைக்கிள் என்றால் தள்ள வேண்டிய பொருள் என்றுதான் தெரியும். தூக்கக்கூடிய பொருள் என்று தெரியாது.

அந்த அம்மா திரும்பி வந்தபோதும் நான் அதைத் தூக்கிக்கொண்டுதான் நின்றேன். அவர்கள் சிரித்துக்கொண்டே, "ரெண்டு விரல்ல தூக்கிப் பாருங்க, வரும்" என்றார்கள். வந்தது.

அவர்கள் ஏறிப் போனார்கள். தெருமுனை திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றைக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கோயிலுக்குப் போனது முழுக்க அம்மனுக்காகத்தானா என்று என்னையே கேட்டுக்கொள்வதுண்டு.

யாருக்கும்மா சைக்கிள்?

டவுனில் ஒரு பெரிய சைக்கிள் கடைக்குப் போனேன்.

"பையனுக்காம்மா?"

"இல்லபா."

"பொண்ணுக்கா?"

"பொண்ணைக் கட்டிக் குடுத்தாச்சு. எனக்கு."

கடைக்காரர் உடனே கூடை வைத்த ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார். நான் மேலே தொங்கிய கொம்பு ஹேண்டிலைக் காட்டினேன். "அதா? அது குனிஞ்சி ஓட்டறதுமா. முதுகு போயிடும்" என்றார்.

கரையைத் தனியாகக் கோத்து நெய்கிற கோர்வைப் புடவைக்குக் குனிந்தே உட்கார்ந்து கரை போட்டுக் கொடுக்கிறவளிடம் முதுகைப் பற்றிச் சொல்கிறார். "இறக்குங்க" என்றேன்.

இறக்கினார். கனம். பேர்தான் ரேஸ் சைக்கிள். முழுக்க இரும்பு. அதிலும் ஏறி உட்கார்ந்தால் என் கால் தரைக்கு எட்டவில்லை. நான் குள்ளம். நிஜமாகவே லேசான ஒன்று உள்ளே கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது. அதன் விலையைச் சொன்னார். என்னிடம் அதில் பாதிகூடக் கிடையாது. "பார்த்துட்டு வரேன்பா" என்று வந்துவிட்டேன்.

அதற்கப்புறம் கோயிலில் பிராகாரம் சுற்றும்போதெல்லாம் ஒரே தவிப்பு. மகளுக்கு வரன் கேட்டிருக்கிறேன். வீட்டுக்காரருக்குச் சர்க்கரை இறங்கக் கேட்டிருக்கிறேன். தறிக்கு வேலை கேட்டிருக்கிறேன். எல்லாம் கொடுத்தவள் அம்மன். இந்த வயசில் அவள் முன்னால் நின்று "எனக்கு ஒரு சைக்கிள் குடு தாயே" என்று கேட்க நாக்கு எழவில்லை. மூன்று நான்கு வாரம் வாயைத் திறக்காமல் சுற்றிவிட்டு வந்தேன். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை கேட்டேவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்டேன். அவள் முகத்தைப் பார்த்துக் கேட்க வெட்கமாக இருந்தது.

என் தோழி எஸ்தர் எங்கள் தெருக்கோடியில் இருக்கிறாள். ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி வேலை. அவள் மகள் ஏனாத்தூரில் படிக்கிறாள். அந்தப் பெண்தான் போனில் ஒரு படம் காட்டினாள். "ஆன்ட்டி, எங்க சீனியர் அக்கா விக்கறாங்க. அவங்களும் உங்க ஹைட்டுதான்."

புதன்கிழமை போய்ப் பார்த்தேன். ஏறி உட்கார்ந்தேன். கால் எட்டியது. கை எட்டியது. எனக்கென்று அளவெடுத்துத் தைத்த ரவிக்கை மாதிரி இருந்தது. விலையும் என் கைக்கு அடங்கியது. "ஓட்டிப் பாருங்கக்கா" என்று வினோதினி எவ்வளவோ சொன்னாள். மாட்டேன் என்றேன். நம்முடையதாகட்டும், அப்புறம் ஓட்டலாம் என்று ஒரு எண்ணம். கூலி வந்ததும் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த மூன்று நாளும் நான் சுற்றிய நூலெல்லாம் நீலமாகவே தெரிந்தது.

செயின் இல்லாமல் ஓடுமா?

மறுபடியும் அந்தச் சனிக்கிழமைக்கு, விடுதி வாசலுக்கு வருகிறேன்.

"இன்னிக்கி முடியாது கண்ணு. இரும்பு இருக்குது. நாளைக்கு வந்து வாங்கிக்கட்டுமா?"

வினோதினியின் முகம் மாறிவிட்டது. "நாளைக்கு நான் இருக்க மாட்டேனே அக்கா. சாயங்காலம் அப்பா வந்துருவாங்க. ராத்திரி ரயிலு. ரூமைக் காலி பண்ணணும்." கொஞ்சம் தயங்கி, "இன்னொரு பையனும் கேட்டிருக்கான். நீங்க வேண்டாம்னா நாலு மணிக்கு வந்து எடுத்துக்கிடுதேன்னான்" என்றாள்.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். தறிச் சத்தம் நின்றது.

"செயினை மட்டும் கழட்டி அங்கியே வெச்சிட்டு வா. நாளைக்கி வாங்கிக்கலாம்."

"செயின் மட்டும் இல்லீங்க. பல் சக்கரமும் ஒட்டுது."

"அதையும் கழட்டு."

"உள்ள குண்டு குண்டா பால்ரஸ் இருக்குமே?"

"அப்போ இன்னாதான் மிச்சம்? சீட்டை வாங்கிக்கினு வா" என்றார். பிறகு குரல் இறங்கி, "வசந்தா, அம்பது வயசுல முதல்முறையா ஒண்ணு கேக்கற. சாமி ஒண்ணும் சொல்லாது, எடுத்துக்கினு வந்துடு" என்றார்.

எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் அம்மனிடம் கேட்டு வாங்குகிற பொருள். எனக்கென்று நான் வாங்குகிற முதல் பொருள். ஏறுகிற ஒவ்வொரு நாளும் 'சனிக்கிழமை வாங்கினோமே' என்று மனசு ஓரத்தில் ஒரு முள் குத்தும். எனக்கு என்னைத் தெரியும்.

"குடுத்துடு கண்ணு. அந்தப் பையனுக்கே குடுத்துடு" என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு அங்கிருந்து கிளம்ப முடியவில்லை. வேப்பமரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அப்போதுதான் எஸ்தர் போன் செய்தாள். வண்டி வாங்கியாச்சா என்று கேட்கத்தான் செய்தாள். நான் அழுகிற குரலில் எல்லாவற்றையும் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"அட லூசு. எனக்குச் சனிக்கிழமையும் இல்ல, ராகு காலமும் இல்ல. அந்தப் பொண்ணே ஓட்டிக்கினு வந்து எங்க வீட்ல நிறுத்தட்டும். நீ தொடாதே. காசும் குடுக்காதே. நாளைக்கி ஞாயித்துக்கிழமை. உன் சனி பகவான் எங்க வீட்டுக்கு வந்து இன்னா பண்ணுவாரு?"

போனை ஸ்பீக்கரில் போட்டு, அதையே வினோதினியிடமும் சொல்லவைத்தேன். அவள் கொஞ்ச நேரம் சைக்கிளையே பார்த்தாள். "சரிக்கா. பணத்தை நாளைக்கே அனுப்புங்க. நானே ஓட்டிட்டு வாரேன்" என்றாள்.

முன்னால் போன பெண்

அவள் சைக்கிளில் முன்னால் போக, நான் ஷேர் ஆட்டோவில் பின்னால் வந்தேன்.

அப்படி ஒரு ஓட்டத்தை நான் பார்த்ததில்லை. குனிந்து, முழங்கையை மடக்கி, துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு போனாள். ஆட்டோக்காரர் இரண்டு தடவை முந்தப் பார்த்தார். "யாருமா அந்தப் பொண்ணு? ராக்கெட்டா?" என்றார். டவுனுக்குள் நுழைந்ததும் கூட்டத்தில் நாங்கள் மாட்டிக்கொண்டோம். அவள் பஸ்ஸுக்கும் மாட்டுக்கும் நடுவில் நூல் மாதிரி நுழைந்து போய்விட்டாள்.

எங்கள் பகுதியான பிள்ளையார்பாளையத்துக்கு நாங்கள் வந்து சேர்ந்தபோது வினோதினி எஸ்தர் வீட்டு வாசலில் வண்டியோடு நின்றிருந்தாள். மூச்சு வாங்கியது. முகமெல்லாம் சிவந்து, சிரித்துக்கொண்டிருந்தாள். எஸ்தர் தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டுச் சைக்கிளை உள்ளே கொண்டுபோய்ச் சுவரோரமாகச் சாய்த்தாள். துப்பட்டா நுனியால் ஹேண்டிலைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

"ஊருக்கே எடுத்துக்கினு போவலாமே கண்ணு?" என்று எஸ்தர் கேட்டாள்.

"சங்கரன்கோவில் பக்கம் கிராமம் ஆன்ட்டி. அப்பா சொல்லிட்டாங்க, இந்த வண்டியோட ஊருக்குள்ள வராதேன்னு."

அதே ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள்.

பூட்டின வீடு

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்பே குளித்து, சுடிதார் போட்டு, விபூதி, சந்தனம், எலுமிச்சம்பழம் எல்லாம் தட்டில் எடுத்துக்கொண்டு எஸ்தர் வீட்டுக்குப் போனேன். பூட்டியிருந்தது.

எனக்கு ஞாயிற்றுக்கிழமை நல்ல நாள் என்று யோசித்தேனே ஒழிய, எஸ்தருக்கு ஞாயிற்றுக்கிழமை சர்ச் என்பது ஞாபகமே வரவில்லை. போன் செய்தேன். கிசுகிசுப்பாக, "ஆராதனைக்கு வந்துட்டோம் வசந்தா. இன்னிக்கி ஒரு ஞானஸ்நானம் வேற. சாப்பாடு முடிஞ்சிதான் வருவேன்" என்றாள். பின்னால் பாட்டுச் சத்தம்.

ஜன்னலில் ஒரு பக்கம் கதவு சரியாகச் சாத்தாது. அந்த இடுக்கில் பார்த்தால் நீலக் கம்பியும் பாதிச் சக்கரமும் தெரிந்தன. காலை முழுக்க நான் எத்தனை தடவை அந்தப் பக்கம் போனேன் என்று எங்கள் தெருவைக் கேட்டால் சொல்லும். "இன்னா வசந்தாக்கா, எஸ்தர் வீட்ல குழந்தை எதுனா தூங்குதா?" என்று கிண்டல் வேறு.

எஸ்தர் வந்து கதவைத் திறந்தபோது மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டுக்கு எமகண்டம்.

"இப்ப இன்னா?" என்றாள் எஸ்தர்.

"ஒண்ணரை வரைக்கும்..." என்று இழுத்தேன்.

அவள் நெற்றியில் அடித்துக்கொண்டு, ஞானஸ்நான வீட்டுக் கேக்கில் ஒரு துண்டை என்னிடம் நீட்டினாள். சைக்கிளுக்குப் பக்கத்தில், தொடாமல், தரையில் உட்கார்ந்து தின்றேன்.

சத்தம்

போன் அடித்தது. வினோதினி.

"அக்கா, பணம் அனுப்பிட்டீங்களா?"

"இல்லமா. எமகண்டம் போகட்டும்னு பாக்கறேன். அனுப்பிடுவேன்."

"அவசரமில்லக்கா." வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. "வண்டி பக்கத்துல இருக்கா?"

"பக்கத்துலதான் உக்காந்துக்கினு இருக்கேன்."

"பின் சக்கரத்தைக் கொஞ்சம் தூக்கி, பெடலை ஒரு சுத்து சுத்தி விடுவீங்களா? போனைக் கிட்ட வச்சு."

எனக்குப் புரியவில்லை. எஸ்தரைப் பார்த்தேன். வண்டி இன்னும் வினோதினியுடையதுதானே, அவள் கேட்கிறாள், தொடலாம் என்று தோன்றியது. எஸ்தர் சீட்டைப் பிடித்துத் தூக்கினாள். நான் பெடலைச் சுற்றி விட்டுக் கையை எடுத்தேன். பெடல் நின்றுவிட்டது. சக்கரம் மட்டும் சுற்றியது. அப்போது அதிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிள்வண்டு மாதிரி, மெலிசாக, விடாமல். அந்தச் சின்ன வீடு முழுக்க அந்தச் சத்தம். போனைச் சக்கரத்துக்கு அருகில் பிடித்துக்கொண்டிருந்தேன். சக்கரம் மெதுவாகி, சத்தம் தனித்தனியாகப் பிரிந்து, ஒவ்வொன்றாக விழுந்து, நின்றது.

போனில் தூரத்தில் ஒரு ஆண் குரல், "யார்ட்ட பேசுத?" என்று கேட்டது. "ஃபிரெண்டுப்பா" என்றாள்.

சொன்னால் வண்டி கைவிட்டுப் போய்விடலாம். ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"கண்ணு, மனசு வரலேன்னா சொல்லிடுமா. நான் காசு குடுக்கல. எங்க வீட்டுக்குக் கொண்டும் போகல. இந்த நிமிஷம் வரைக்கும் இது உன்னுதுதான். எஸ்தர் வீட்லயே நிக்கட்டும். நீ எப்ப வேணா வந்து எடுத்துக்கோ."

சொல்லும்போதே என் இன்னொரு கை பின் சக்கரத்தை இறுக்கிப் பிடித்திருந்தது. எஸ்தர் அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இன்னொரு தடவை சுத்துங்கக்கா" என்றாள் வினோதினி.

சுற்றினேன். அதுவும் நிற்கிற வரைக்கும் மூன்று பேரும் கேட்டோம்.

"காலைல அஞ்சரைக்கு ஏனாத்தூர் ரோட்டுல ஆளே இருக்க மாட்டாங்க. அந்த நேரத்துக்குப் போங்க. டயர்ல காத்து குறைய விடாதீங்க. மழையில நனைஞ்சா செயினை உடனே துடைச்சிருங்க." மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "ஓட்டுங்கக்கா" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஒன்றரை ஆனதும் பணத்தை அனுப்பினேன். ஹேண்டிலுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தேன். "இரு, நானும் ஒரு ஜெபம் பண்ணிடறேன்" என்று எஸ்தர் சீட்டின் மேல் கை வைத்துக் கண்ணை மூடினாள். நானும் மூடிக்கொண்டேன்.

கொளுத்துகிற வெயில். தெருவில் நாய்கூட இல்லை. ஏறினேன். இரண்டு தெரு தாண்டுகிற வரைக்கும் நிமிர்ந்தே ஓட்டினேன். ஏனாத்தூர் ரோட்டுக்கு வந்ததும் குனியத் தைரியம் வந்தது. காற்று காதில் இரைந்தது. வண்டி நான் நினைப்பதற்கு முன்னாலேயே போயிற்று.

ஆனால் அந்தச் சத்தத்தைக் காணோம். எங்கே போயிற்று என்று யோசித்து, கொஞ்சம் காலை நிறுத்தினேன். உடனே வந்தது. மிதிக்கிற வரைக்கும் அது வராது. காலை நிறுத்தினால்தான் வரும்.

மிதித்தேன், நிறுத்தினேன். மிதித்தேன், நிறுத்தினேன். அந்தச் சத்தத்தை அனுப்பலாம் என்றால், அந்தப் பெண்ணின் ஊர் எந்தத் திசை என்றுகூட எனக்குத் தெரியாது.

அன்றைக்கு ஏனாத்தூர் வரைக்கும் நான் மிதித்ததைவிட நிறுத்தியதுதான் அதிகம்.